பேய்ப் படங்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

இரவு நேரம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் குதிகால் செருப்புச் சத்தம். சிறிது தூரம் இரண்டு பேரின் காலடிகளும் கேட்கின்றன. பிறகு பின்னால் வந்த சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை எட்டிப் போடுகிறாள், ஓடத் தொடங்குகிறாள். திடீரென்று சிறுத்தை சீறுவதைப் போல ஒரு சத்தம்! வந்து நிற்பது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்.

இந்தக் காட்சி 1942இல் வெளியான ‘கேட் பீப்பிள்’ என்ற அமெரிக்கப் படத்தில் வருகிறது. இயக்கியவர் ஜாக் டூர்னர். தயாரித்த வால் லூட்டனுக்கு ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ கொடுத்தது ஒரு தலைப்பும் கொஞ்சம் பணமும்தான். ஒரு பெண் சிறுத்தையாக மாறும் கதை. அந்த மாற்றத்தை நம்பும்படி காட்டுவதற்கு அந்தப் பணம் காணாது. ஆகவே சிறுத்தையைப் பெரும்பாலும் இருட்டில் ஒளித்துவைத்துவிட்டு, காலடியையும் சீறலையும் வைத்தே வேலையை முடித்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் இப்படித் திடுக்கிட வைக்கும் இடங்களை லூட்டன் ‘பஸ்’ என்றே சொல்லிவந்தார். இன்று ‘ஜம்ப் ஸ்கேர்’ என்று நாம் சொல்வதன் மூத்த வடிவம் இது.

இதே காட்சியை இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவருக்குப் போட்டுக் காட்டுங்கள். காலடிச் சத்தம் நின்றவுடனேயே, ‘ஏதோ வரப்போகிறது’ என்று சொல்லிவிடுவார். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. இந்த 80 ஆண்டுகளில் பார்ப்பவர்கள் தேறிவிட்டார்கள், அவ்வளவுதான். திகில் பட வகை எப்படி வளர்கிறது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது. ஒரு தந்திரம் ரசிகருக்குப் பிடிபட்டுவிட்டால் அதன் கதை முடிந்தது. எடுப்பவர் அடுத்ததைத் தேடியாக வேண்டும்.

பயத்துக்கு நான்கு காரணங்கள்

மற்ற பட வகைகளை அவற்றில் இருக்கும் பொருள்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குதிரை, துப்பாக்கி, வறண்ட நிலம் என்றால் கௌபாய் படம். விண்கலம் பறந்தால் அறிவியல் புனைவு. திகில் படத்தை அப்படிப் பிடிக்க முடியாது. அதில் பேய் இருக்கலாம், சுறா இருக்கலாம், எதிர் வீட்டுக்காரர் மட்டுமே இருக்கலாம். பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் அதை வரையறுக்க முடிகிறது. நகைச்சுவைப் படத்துக்கும் இதே நிலைமைதான். இரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

சரி, மனிதனுக்கு எதனாலெல்லாம் பயம் வருகிறது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு பட்டியல் தருகிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ வருத்தும் தெய்வமும் பேயுமான அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தமக்கு மேலே அதிகாரம் செலுத்தும் இறை. செய்யுளுக்காகச் சொன்ன இந்தப் பட்டியலில் திகில் படங்களையும் அடைத்துப் பார்க்கலாம். அநேகமாக எல்லாம் அடங்கிவிடுகின்றன. டிராகுலா அணங்கு. காட்ஜில்லாவும் ‘ஜாஸ்’ சுறாவும் விலங்கு. கத்தியோடு வீட்டுக்குள் நுழையும் முகமூடிக்காரன் கள்வர் வகை. பேய்ப் படத்தில் அரசனுக்கு என்ன வேலை என்று தோன்றும். இருக்கிறது, என் கணக்கில் மிக ஆழமாகக் குத்திய படங்கள் அந்த நான்காவது வகையைத் தொட்டவைதான்.

காரணங்கள் நான்குதான். எந்தக் காலத்தில் எது மேலே வருகிறது, அது நமக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது, எந்த வழியாக வருகிறது என்பவைதான் மாறுகின்றன.

கோட்டையிலிருந்து குளியலறைக்கு

சினிமா பிறந்த சூட்டிலேயே, 1896இல், பிரான்சின் ஜார்ஜ் மெலியே சாத்தான் தோன்றி மறையும் மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுத்துவிட்டார். அது பயமுறுத்த எடுத்ததல்ல, வித்தை காட்ட எடுத்தது. பயத்தை முழு மூச்சாகக் கையில் எடுத்தது முதல் உலகப் போரில் தோற்றுப் போன ஜெர்மனி. 1920இல் வந்த ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி’யில் சுவர்கள் சாய்ந்து நிற்கின்றன, ஜன்னல்கள் கோணலாக இருக்கின்றன, நிழல்களைக்கூட அரங்கத்தில் பெயிண்டால் வரைந்திருக்கிறார்கள். கலிகாரி தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலை செய்ய வைக்கிறார். போகப் போக அவர் ஒரு மனநல விடுதியின் தலைவர் என்று தெரிகிறது. மேலிடத்து உத்தரவுக்குப் பணிந்து கொன்றுவிட்டு ஊர் திரும்பியிருந்த தலைமுறைக்கு அந்தக் கதை எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எஃப்.டபிள்யூ. முர்னாவ் ‘நோஸ்ஃபெராட்டு’வை எடுத்தார். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார், பிரதிகளையெல்லாம் அழிக்க உத்தரவானது, சில தப்பிவிட்டன. இரத்தக் காட்டேரி சூரிய வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்று நம் எல்லோருக்கும் தெரியும் அல்லவா? 1897இல் வந்த நாவலில் அப்படி எதுவும் இல்லை. டிராகுலா பகலிலேயே லண்டன் தெருவில் நடக்கிறான். வெயில் பட்டு அழிவது முர்னாவ் படத்தில் வந்த ஏற்பாடு. பிறகு வந்தவர்கள் அதைக் காலங்காலமாக இருந்துவரும் சட்டம் போல எடுத்துக்கொண்டார்கள். இந்த வகையின் விதிகள் பலவும் இப்படித்தான் பிறந்தன. ஒருவர் தன் படத்தின் வசதிக்கு ஒன்று செய்வார், பத்துப் பேர் நகலெடுப்பார்கள், அது விதியாகிவிடும்.

1931இல் அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் ‘டிராகுலா’வையும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தையும் ஒரே ஆண்டில் வெளியிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்களும் டிக்கெட் வாங்கினார்கள். ஆபத்தெல்லாம் எங்கோ ஐரோப்பாவில், மலைமேல் இருக்கும் கோட்டையில். படம் முடிந்து வெளியே வந்தால் அமெரிக்கத் தெரு பத்திரமாக இருந்தது. பிறகு மம்மி, கண்ணுக்குத் தெரியாத மனிதன், ஓநாய் மனிதன் என்று வரிசையாக வந்தன, தொடர்ச்சிகளும் வந்தன. 1948இல் அதே நிறுவனம் தன் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இரட்டையர்களோடு நடிக்க வைத்தது. அந்தப் பயம் காலாவதியாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்த பயம் வானத்திலிருந்து வந்தது. 1954 மார்ச்சில் பிக்கினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானியத் திரையரங்குகளில், ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் விழித்துக்கொண்ட ராட்சத விலங்கான காட்ஜில்லா கடலிலிருந்து எழுந்து வந்தது.

உண்மையான திருப்பம் 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’. அதில் கோட்டைக்குப் பதில் சாலையோர மோட்டல். பூதத்துக்குப் பதில் கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞன். கதை வேறு எங்கோ தொடங்குகிறது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் மேரியன் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் கிளம்பிவிடுகிறாள். வழியில் ஒரு போலீஸ்காரர் சந்தேகத்தோடு பார்க்கிறார். அவள் காரை மாற்றுகிறாள். பிடிபடுவாளா மாட்டாளா என்பதுதான் நம் கவலை. மோட்டலில் தங்கும் இரவில் அவளுக்குப் புத்தி தெளிகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்துக் குளிக்கப் போகிறாள். அங்கே கொல்லப்படுகிறாள்.

படம் இன்னும் பாதியைத் தாண்டவில்லை. மேரியனாக நடித்த ஜேனட் லீ அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பாதியிலேயே சாகடிக்க மாட்டார்கள் என்பது ரசிகர் கற்று வைத்திருந்த பாடம். அது பொய்த்ததும் அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கொழுகொம்பு இல்லாமல் போனது. பணம், போலீஸ் என்று அதுவரை பட்ட கவலையெல்லாம் வீண். இனி யாருக்கு வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம்.

முக்கால் நிமிடமே ஓடும் அந்தக் குளியலறைக் காட்சியைப் படமாக்க ஒரு வாரம் ஆனது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. கத்தி உடலைக் கிழிப்பதைக் கண்ணால் பார்த்ததாகப் பலர் சத்தியம் செய்வார்கள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கத்தி முனை உடலில் பட்டது போலத் தோன்றும் ஓரிரு ஃபிரேம்களைத் தவிர அப்படி எதையும் காட்டவில்லை. கத்தி, கை, முகம், தண்ணீர் என்று மாறி மாறி வரும் துண்டுகளை நம் மூளைதான் கொலையாகத் தைத்துக்கொள்கிறது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிரீச்சிட வைத்து எழுதிக் கொண்டுவந்ததைக் கேட்ட பிறகு மனம் மாறினார். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனையும் போட்டார். தாமதமாக வருகிறவர் ஜேனட் லீ எப்போது வருவார் என்று கடைசிவரை காத்திருப்பாரே!

போலீஸ் விளக்கைக் கண்டால்

1968இல் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமெரோ நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தார். செலவு ஏறக்குறைய 1,14,000 டாலர். பெயர் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் நிதானமாக யோசிக்கிறவன் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். இரவு முழுக்கப் போராடி அவன் ஒருவன்தான் பிழைக்கிறான். விடிந்ததும் ஷெரீஃபின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வருகிறார்கள். ஜன்னலில் தலை தெரிந்ததும், பிணங்களில் ஒன்று என்று நினைத்து, தூரத்திலிருந்தே நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். கொக்கிகளோடு வந்து அவன் உடலை எடுத்துப்போய்ச் சிதையில் போடுவதைச் செய்தித்தாள் புகைப்படங்கள் போலக் காட்டியபடி படம் முடிகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அவன் கறுப்பினத்தவன் என்பதைப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

49 ஆண்டுகள் கழித்து, 2017இல், ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ வந்தது. கறுப்பின இளைஞன் ஒருவன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். அங்கே நடக்கும் கொடுமைகளிலிருந்து மீண்டு, இரத்தம் சொட்டச் சாலைக்கு வந்து சேர்கிறான். பக்கத்தில் காதலி குண்டடிபட்டுக் கிடக்கிறாள். அப்போது சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் விளக்கு மின்னுகிறது. வேறு எந்தப் படத்திலும் அந்த விளக்கைக் கண்டால் நிம்மதிப் பெருமூச்சு வரும். இங்கே வயிறு கலங்குகிறது. பேயும் இல்லை, கத்தியும் இல்லை. தொல்காப்பியர் சொன்ன ‘இறை’ மட்டும் வந்து நிற்கிறது. வண்டிக் கதவு திறக்கிறது, இறங்குபவன் நண்பன். கதாநாயகனைப் போலீஸ் கைது செய்வதாக ஒரு முடிவைத்தான் பீல் முதலில் படமாக்கினார், பிறகு மாற்றினார். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ரசிகர் கற்றுக்கொள்வது திகில் படத்துக்கு எதிரி என்று மேலே சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கெட்டிக்கார இயக்குநருக்கு அதுவே கச்சாப்பொருள். ரொமெரோ படத்தின் முடிவும் அன்றாடச் செய்திகளும் ரசிகர் மனத்தில் இருப்பதால்தான் அந்த விளக்கு வேலை செய்கிறது.

ரொமெரோ படத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. வெளியிடும்போது தலைப்பை மாற்றியதில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் அதைத் திரையிடலாம், நகலெடுக்கலாம் என்றானதும் உலகமெங்கும் திரையில் ஸோம்பிகள் என்ற நடைபிணங்கள் பெருகின. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் ‘ஸோம்பி’ என்ற சொல்லே வராது.

விதிகளை மனப்பாடம் செய்தவர்கள்

1978இல் ஜான் கார்ப்பென்டர் ‘ஹாலோவீன்’ எடுத்தார். கொலைகாரனின் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகத்தை வைத்துச் செய்து கடையில் விற்ற மலிவுச் சரக்கு. அதில் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இசையும் இயக்குநரே. கண்டம் என்று நம் இசைக்காரர்கள் சொல்லும் ஐந்தின் கணக்கில் பியானோ ஓடுகிறது. தாளம் போட்டுப் பார்த்தால் கை தடுமாறும். படம் பணத்தைக் கொட்டியதும் அதே அச்சில் எண்பதுகள் முழுக்கப் படங்கள் வந்து குவிந்தன. தனியாகப் போகிறவன் சாவான். குடித்துக் கும்மாளம் போடுகிறவர்கள் சாவார்கள். அடக்கமான ஒரு பெண் மட்டும் கடைசிவரை நின்று கொலைகாரனை எதிர்ப்பாள். கேரல் க்ளோவர் என்ற பேராசிரியை 1987இல் எழுதிய கட்டுரையில் இவளுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயரே வைத்தார். ஆய்வாளர்கள் பெயர் வைக்கும் அளவுக்கு ஓர் உத்தி பழகிவிட்டால் அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

1996இல் வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்க்ரீம்’ இந்த முதுமையையே கதையாக்கியது. அதில் வரும் இளைஞர்கள் பலரும் திகில் படங்களைக் கரைத்துக் குடித்தவர்கள். உயிர் பிழைப்பதற்கான விதிகளை ஒருவன் வகுப்பெடுப்பது போலச் சொல்கிறான். தெரிந்தும் சாகிறார்கள். போஸ்டரில் பெரிதாக இருந்த டுரூ பேரிமோர் முதல் காட்சியிலேயே கொல்லப்படுகிறார். ‘சைக்கோ’ பாதிப் படத்தில் செய்ததை இது தொடக்கத்திலேயே செய்துவிட்டது.

அமெரிக்கா தன் விதிகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது ஜப்பானிலிருந்து 1998இல் ‘ரிங்கு’ வந்தது. கோஜி சுசுகியின் நாவல், ஹிதேயோ நகாதாவின் இயக்கம். ஒரு வீடியோ நாடாவைப் பார்ப்பவர் ஏழு நாளில் இறந்துவிடுவார். நாடாவுக்குப் பின்னால் இருப்பது கிணற்றில் தள்ளப்பட்ட சடாகோ என்ற பெண். கிணற்றுப் பேயும் முகத்தை மூடிய கூந்தலும் ஜப்பானுக்குப் புதிதல்ல. அங்கே நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் கதைகளில் உள்ளவை. அந்தப் பழைய பேய் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்ததுதான் புதிது. அவள் நடை ஏன் அவ்வளவு விகாரமாக இருக்கிறது? நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். மனித நடைதான், ஆனால் எடை விழும் இடம் தவறு. காரணம் தெரியாமலே நமக்கு உடம்பு கூசுகிறது. சாபத்திலிருந்து தப்பவும் ஒரு வழி உண்டு: நாடாவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டிவிட வேண்டும். அன்றைக்கு இந்தப் படத்தையே பலர் வீட்டில், நாடாவில் போட்டுப் பார்த்தார்கள்.

மறு ஆண்டு ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ கையடக்கக் கேமராவைக் காட்டுக்குள் கொண்டுபோனது. நடிகர்கள் தாங்களே படம்பிடித்தார்கள். நிஜமாகவே காணாமல் போனவர்கள் என்று ஓர் இணையதளம் நம்பவைத்தது. இணையம் புதிதாக இருந்த காலம் அது. சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை. உலக வசூல் 24 கோடி டாலரைத் தாண்டியது. 2020இல் கோவிட் ஊரடங்கின்போது ‘ஹோஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் படம் முழுக்க ஒரு ஜூம் அழைப்புக்குள்ளேயே நடந்தது. கோட்டையில் இருந்த பயம் இப்போது அவரவர் மடிக்கணினித் திரைக்கு வந்திருந்தது.

இந்த வகையில் புதியவர்களின் கை ஓங்கி இருப்பதற்குப் பணமும் காரணம். நட்சத்திரம் வேண்டாம், வெளிநாட்டுப் பாடல் காட்சி வேண்டாம், ஒரு வீடும் இருட்டும் போதும். தோற்றால் நஷ்டம் சிறிது. ஆகவே விதியை மீறத் துணிவு வருகிறது.

நம் பேய்க்கு வேறு வழக்கு

தமிழ்ப் பேய்ப் படத்தின் வேர் கோட்டையிலும் இல்லை, மோட்டலிலும் இல்லை. பழையனூர் நீலியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஊரார் முன் வழக்காடுகிறாள். நம் பேய் பெரும்பாலும் வாதி. அதற்கு ஒரு புகார் இருக்கிறது, நீதி கிடைத்தால் போய்விடும். 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் ஆவி, பேயென்றால் நடுங்கும் ஒருவன் உடம்பில் புகுந்து கணக்குத் தீர்க்கிறது. முதல் பாதியில் சிரிப்பும் திடுக்கிடலும், பிற்பாதியில் ஃபிளாஷ்பேக், அது முடிந்ததும் அரங்கமே பேயின் கட்சிக்கு மாறிவிடும். பேய்க்காகக் கைதட்டும் ரசிகர் அதைக் கண்டு பயப்படுவது எப்படி? இது குறையல்ல, வேறு வகை. ஆனால் அந்த வெற்றியைப் பார்த்து வரிசையாக வந்த பங்களா நகைச்சுவைகளில் புகாரும் இல்லை, பயமும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தடத்தை விட்டு விலகியவையும் உண்டு. 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ நம் வீடுகளில் பேயைவிட நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒன்றைக் கையில் எடுத்தது: தொலைக்காட்சித் தொடர். புது அடுக்குமாடி வீட்டில் பெண்கள் பார்க்கும் தொடரில் நடப்பதெல்லாம் அதே வீட்டில் நடக்கிறது. 2012இன் ‘பீட்சா’ இன்னும் குறும்பானது. தமிழ் ரசிகர் பேய்க் கதையை எப்படி நம்புவார் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டு, அந்த நம்பிக்கையை வைத்தே அவரை ஏமாற்றுகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் ஆண்டு வரிசையில் போக வேண்டியதில்லை. இணை இணையாகப் பாருங்கள்: ‘சைக்கோ’வுக்குப் பின் ‘ஸ்க்ரீம்’, ‘ரிங்கு’வுக்குப் பின் ‘யாவரும் நலம்’, ரொமெரோவுக்குப் பின் பீல். முன்னது கற்றுக்கொடுத்ததைப் பின்னது என்ன செய்கிறது என்பது அப்போது தெரியும். பயம் தாங்கவில்லை என்றால் கண்ணை மூடாமல் காதை மூடுங்கள். பாதிப் பயம் ஒலியில்தான் இருக்கிறது. ரொமெரோவின் படம் பொதுச் சொத்து என்பதால் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது. பிற்காலத்தில் வண்ணம் பூசிய பிரதிகளும் உலவுகின்றன; அவற்றைத் தள்ளிவிட்டுக் கறுப்பு வெள்ளைப் பிரதியையே தேடிப் பிடியுங்கள்.